உப்பு வாங்காத கை

வயசானால் கோபம் தணிந்துவிடும் என்று யாரோ நம் தலைமுறையை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கு ஐம்பது தாண்டி இரண்டாகிறது. முட்டி தேய்ந்தது, பல் இரண்டு போனது, கோபம் மட்டும் வந்த அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன என் வயசுக்காரர்களுக்கு நான் எந்த வருஷத்தைச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்த வருஷம்.

படிப்பிலும் வேலையிலும் நம் சாதிப் பிள்ளைகளுக்குத் தனியாக இடம் ஒதுக்கு என்று கேட்டு ஒரு வாரம் ஒரு வண்டியும் ஓடவில்லை. உங்களுக்கு அது போராட்டமாக ஞாபகம் இருக்கலாம். பதின்மூன்று வயதில் எனக்கு அது லீவு. எங்கள் ஊர் முனையில் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஏறி, எட்டாத உயரத்தில் தொங்கிய கிளையெல்லாம் கைக்குக் கிடைத்த சந்தோஷத்தில், பிஞ்சுப் புளியங்காயை உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். பச்சை மரம் வெட்டிய வாசனை தெரு முழுக்க இருந்தது. அந்த மரம்தான் என் அண்ணனை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறது என்று அப்போது தெரிந்திருந்தால் அதன் காயைத் தின்றிருக்கமாட்டேன்.

பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். போனவர் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெரியப்பாவுக்குப் பிள்ளை பிறந்ததும் அவர் வைத்தார். இரண்டு வருஷம் கழித்து என் அண்ணன் பிறந்தபோது, தனக்கும் அவர்தானே தகப்பன் என்று அப்பாவும் அதையே வைத்தார். பெரியப்பா பெயருக்கும் அப்பா பெயருக்கும் முதல் எழுத்து ஒன்று. ஆக, பள்ளிக்கூட ரிஜிஸ்டர் முதல் ரேஷன் கார்டு வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். வீட்டுக்குள் மட்டும் குழப்பம் இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் பெரியம்மாவும் அம்மாவும் அந்தப் பெயரை ஒரு நாளும் உச்சரித்ததில்லை. பெரியப்பா மகன் பெரியவன். என் அண்ணன் சின்னவன். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

பெரியவன் ஆசிரியர் பயிற்சியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். சின்னவன் பன்னிரண்டாவதில் கணக்கில் பெயில். அக்டோபரில் மறுபடி எழுத வேண்டும். வீட்டில் இருந்தால் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சு, மாட்டைப் பிடி என்று ஏவுவார்கள் என்பதால் அம்மா அவனை மலைக்கு அனுப்பியிருந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அவளுடைய அண்ணன், என் மாமா, மளிகைக் கடை வைத்திருந்தார். மரம் விழுந்தபோது சின்னவன் அங்கே கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

மரத்தை வெட்டிய ஆறேழு பேரில் பெரியவனும் ஒருத்தன். அன்று சாயங்காலம் பெரியம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்து மஞ்சள் கேட்டாள். கோடாலி பிடித்துப் பழக்கமில்லாத கை, கொப்புளம் கொப்புளமாகப் பூத்துவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அம்மா மஞ்சளை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கொடுத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனவள் நான்.

வாரம் முடிந்து பஸ் ஓடத் தொடங்குவதற்குள் ஜீப்புகள் ஓடத் தொடங்கிவிட்டன. வெட்டியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் மறைந்தார்கள். பெரியவனைச் சின்னசேலத்தில் ரயிலேற்றி சேலத்துப் பக்கம் அனுப்பிவிட்டார் பெரியப்பா. அதே நாள் எதிர்த்திசையில், பஸ் இல்லாததால் காட்டு வழியாகக் கோமுகி அணைக்கு இறங்கி, மாமா கொடுத்த சாமை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சின்னவன் வீடு வந்து சேர்ந்தான். கையில் கொப்புளம் இல்லை. மைக் கறைதான் இருந்தது.

மறுநாள் மத்தியானம். அம்மா முறத்தில் அந்தச் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஜீப் முதலில் பெரியப்பா வீட்டு வாசலில் நின்றது. அங்கே கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு எங்கள் வாசலுக்கு வந்தது. பின்னால் பெரியப்பாவும் அப்பாவும் நடந்து வந்தார்கள். போலீஸ்காரர் தாளைப் பார்த்துத் தாத்தாவின் பெயரை இனிஷியலோடு படித்து, உன் மகனா என்று அம்மாவிடம் கேட்டார். அந்தப் பெயரை வாயில் எடுத்து, அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள், நீங்கள் தேடுவது மற்றவனை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் துண்டை உதறி மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். அம்மா ஆமென்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், சின்னவனை ஏற்றிவிட்டார்கள். அம்மா பின்னால் ஓடி, அவன் மலையில் இருந்தான் சாமி, மலையில் இருந்தான் என்று கத்தியபோது ஜீப் ரோட்டோரம் ஒதுக்கியிருந்த மரத்தைத் தாண்டிப் போயிருந்தது.

கடலூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அப்பா வாரா வாரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வக்கீலைப் பார்க்கப் போனார். மலையில் இருந்தான் என்பதற்கு மாமா சொல்கிற சாட்சி எடுபடாதாம் என்று ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து சொன்னார். அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். வெள்ளைச் சட்டையோடு போகிறவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்.

பரீட்சைக்கு நான்கு நாள் முன்பு ஹால் டிக்கெட் தபாலில் வந்தது. காதெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிற அண்ணனின் போட்டோ ஒட்டியது. அதை அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் சுருட்டி வைத்தாள். பரீட்சை நாள் காலையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சுருட்டி வைத்தாள். அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பெரியம்மாவிடம் போய்க் கேட்டாள். பெரியவன் கைக்கு மஞ்சள் கேட்டு வந்தாயே அக்கா, ஊர்ப் பெரியவர்களிடம் அதைச் சொல்லு, அவர்கள் வக்கீலிடம் வந்து சொன்னால் என் பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்றாள். பெரியம்மா புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, "நான் எப்ப மஞ்சா கேட்டேன்? வரலியே" என்றாள்.

அந்த 'வரலியே' என் காதில் இன்னும் இருக்கிறது. கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் பக்கத்தில் நிற்கிறேன், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

என் பங்குக்கு நான் சும்மா இருக்கவில்லை. பெரியப்பா வீட்டுக் கன்றை அவிழ்த்துவிட்டுப் பால் முழுக்கக் குடிக்க வைத்தேன். காய வைத்த மிளகாயில் மண்ணை அள்ளிப் போட்டேன். ஒரு நாள் மாமா மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவர் கூடவே வந்த பையனிடம் பூனைக்காலிக் காய் கேட்டு வாங்கினேன். அதன் சுணை உடம்பில் பட்டால் அரிக்கிற அரிப்பில் தோலை உரித்துப் போட்டுவிடலாம் என்று இருக்கும். கிணற்றடிக் கொடியில் காய்ந்த பெரியப்பாவின் துண்டில் நன்றாகத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தேன். அந்தத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனது அப்பா. பஸ்ஸில் ஏறியவர் பாதி வழியில் இறங்கி, வாய்க்காலில் விழுந்து புரண்டுவிட்டு வந்தார். கழுத்தெல்லாம் தடித்துக் கிடந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகைக்கு அளவில்லை. இப்போது யோசித்தால் அந்தப் பூனைக்காலிக்கு என்னைவிட விவரம் ஜாஸ்தி.

இனி விரதத்துக்கு வருகிறேன். கார்த்திகை முதல் ஞாயிறு தொடங்கித் தையில் ஆற்றுத் திருவிழா வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்காளி வீட்டு மருமகள்கள் சூரியனுக்கு விரதம் இருப்பார்கள். விடிவதற்கு முன் குளித்து, கிழக்கே பார்த்து நின்று, சூரியன் முழுசாக மேலே வந்த பிறகு ஒரே ஒரு வேளை உப்பில்லாத சோறு. மற்ற நாள்களில் வழக்கம்போல. தை ஐந்தாம் நாள் ஊர் ஊராகச் சாமிகளை ஆற்றுக்குக் கொண்டுவந்து தீர்த்தவாரி நடக்கும் அல்லவா, அன்று விடியற்காலையில் எங்கள் ஏழு வீட்டு மருமகள்களும் கோமுகி ஆற்றில் இறங்கித் தலையிலும் தோளிலும் எருக்கிலை வைத்து முழுகி விரதத்தை முடிப்பார்கள். முடிக்கிறது எப்படி என்றால், மூத்த மருமகள் தண்ணீருக்குள் நின்றபடியே மரவையிலிருந்து, உப்பு வைக்கிற மரக் கிண்ணம் அது, மூன்று கல்லுப்பு எடுத்து ஒவ்வொருத்தி கையிலும் வைப்பாள். வாங்கி நாக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசி மருமகள் வாங்குகிறவரை உப்புக் கொடுக்கிறவள் கரையேறக் கூடாது. அதுவரை ஏழு வீட்டிலும் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது.

மூத்த மருமகள் பெரியம்மா. கடைசி மருமகள் அம்மா.

அந்த வருஷம் அம்மா ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தவில்லை. கார்த்திகை முதல் ஞாயிறு தொட்டு எல்லா நாளும் உப்பை ஒதுக்கினாள். மாமா கொடுத்தனுப்பிய சாமையைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு வேளை குடிப்பாள். எங்களுக்குச் சமைக்கிற குழம்பில் உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடுவாள். கம்மியா ஜாஸ்தியா என்று நான் சொல்வதைக் கேட்டுப் போடுவாள். மார்கழிக்குள் கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறியது. ராத்திரியெல்லாம் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு எழுந்து உட்காருவாள். மகன் வரவேண்டும் என்று சூரியனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள் என ஊர் பரிதாபப்பட்டது. அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். வேண்டிக்கொள்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா முகம் அப்படி இல்லை.

தை ஐந்து. ஆற்றில் அம்மாவின் இடுப்பளவு தண்ணீர், என் நெஞ்சளவு. எருக்கிலைகளைப் பறித்துப் பாலைத் துடைத்துத் தட்டில் அடுக்கி ஏந்திக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் நின்றேன். பனி தண்ணீர் மேல் புகைந்துகொண்டிருந்தது. எல்லாரும் மலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே கரும்புத் தோட்டத்தைப் பார்த்து நின்றார்கள். சூரியன் வருவதற்கு முன் வெளிச்சம் முதலில் மலை மேல்தான் விழும். மலை சிவந்துவிட்டது என்று கரையிலிருந்த பிள்ளைகள் சொன்னதும் பெண்கள் ஏழு முறை முழுகினார்கள். இலைகள் தலையிலிருந்து கழன்று ஆற்றோடு போயின. சூரியன் கரும்புச் சோகைக்கு மேலே வந்தது. பெரியம்மா மரவையைத் திறந்தாள்.

ஒவ்வொருத்தியாக வாங்கிக் கரையேறினார்கள். கடைசியில் அம்மா. பெரியம்மா மூன்று கல்லை எடுத்து நீட்டினாள். அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கைய நீட்டு, நேரமாவுது" என்றாள் பெரியம்மா.

"நீட்றேன்க்கா. மரத்த வெட்டுனது யாருன்னு அதோ நிக்கறாரே, அவரைப் பாத்துச் சொல்லு. நீட்றேன்" என்று அம்மா சூரியனைக் காட்டினாள்.

பெரியம்மா உப்பை நீட்டியபடியே நின்றாள். அம்மா கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

ஆம்பிளைகள் ரோட்டில் செய்ததை அம்மா ஆற்றில் செய்தாள் என்று எனக்குப் புரிய ஒரு மணி நேரம் ஆனது. ஏழு வீட்டுப் பிள்ளைகளும் பசியென்று அழ ஆரம்பித்தன. கரையேறிய மருமகள்கள் ஈரப் புடவையோடு அங்கேயே குந்தியிருந்தார்கள். முதலில் அம்மாவைக் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள், அப்புறம் மெல்லப் பெரியம்மாவையும் பார்க்கத் தொடங்கினார்கள். ஊர்ச் சனம் வந்து சேர்ந்தது. வளையல் கடைக்காரன், பஞ்சுமிட்டாய்க்காரன், சுண்டல் கூடை. சூடான சுண்டல் வாசனை ஆற்றுக்குள் வரைக்கும் வந்தது. சுண்டல் வாங்கித் தின்றபடியே சனம் எங்களை வேடிக்கை பார்த்தது.

பெரியப்பா கரையில் வந்து நின்று சத்தம் போட்டார். அப்பா வந்து வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். பெண்கள் ஈரத்தோடு நிற்கிற துறையில் ஆம்பிளை இறங்கக் கூடாது. அதனால் கத்த மட்டும்தான் முடிந்தது. அம்மா திரும்பியே பார்க்கவில்லை. மேளச் சத்தத்தோடு முதல் சாமி தீர்த்தவாரிக்கு வந்து சேர்ந்தது. விரதக்காரி தண்ணீரில் நிற்கும்போது சாமியை ஆற்றில் இறக்க மாட்டேன் என்று பூசாரி பல்லக்கைக் கரையிலேயே வைத்துவிட்டார். பின்னால் அடுத்த ஊர்ச் சாமி, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஊர்ப் பெரியவர்கள் என்ன ஏது என்று விசாரிக்க, உப்பு வாங்கியவளில் ஒருத்தி சங்கதியைச் சொன்னாள். எல்லார் முகமும் பெரியம்மா பக்கம் திரும்பியது.

பெரியம்மா கையை மடக்கவில்லை. ஈரக் கையில் உப்புக் கரைந்துவிடும், இன்னும் மூன்று கல் எடுத்து வைப்பாள், அதுவும் கரையும். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கிவிட்டது. உச்சிப்பொழுது நெருங்கியபோது மரவையில் ஒரு பிடி உப்புகூட இல்லை. அது தீர்ந்தால் விரதம் முடியாது, அடுத்த தை வரைக்கும் ஏழு வீடும் உப்பில்லாமல்தான் தின்ன வேண்டும் என்று கரையில் ஒரு கிழவி சொன்னது எல்லாருக்கும் கேட்டது.  அம்மாவின் உதடு நீலமாகி, கண் செருகிச் செருகித் திறந்தது. அவள் விழுந்தால் பிடிக்க என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். தட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி மூன்று கல்லைக் கையில் எடுத்த பெரியம்மா தலையைத் தூக்கினாள்.

"வெட்டுனது எம்மவன். இவ மவன் மலையில இருந்தான்" என்று உரக்கச் சொன்னாள். எந்த மவன் என்று யாரும் அப்புறம் மாற்றிப் பேசக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, பெரியவனைப் பெயர் சொல்லிச் சொன்னாள். இருபது வருஷமாக அவள் வாயில் வராத மாமனார் பெயர். கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெரியப்பா கூட்டத்தில் பின்னால் நகர்ந்தார்.

அம்மா கையை முன்னால் கொண்டுவந்தாள். ஆனால் பெரியம்மா உடனே உப்பை வைக்கவில்லை. இன்னும் ஒரு அடி கிட்டே வந்து, எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எம்புருசனை மட்டும் சபிக்காத. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கெணத்து மேட்டுல குந்திக்கினு பேசித்தான் முடிவு பண்ணாங்க. ஒம்புருசன்தான் சொன்னாரு, என்னுது பெயிலானது, அது போவட்டும்னு."

 அம்மா உப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு மாசம் கழித்து நாக்கில் பட்ட உப்பு. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்துக் கரையேற்றிவிட்டதும் அம்மாதான்.

அன்று கரையில் வைத்தே ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மறுநாள் மாமாவை மலையிலிருந்து வரவழைத்து அவர்களே வக்கீலிடம் அழைத்துப் போனார்கள். மாமா வக்கீல் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. அப்பா அவரைப் பற்றி வக்கீலிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. மாசியில் சின்னவன் ஜாமீனில் வந்தான். பெரியவனை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருத்தனை மீட்க இன்னொருத்தனை அனுப்புவதில் ஊருக்கு இஷ்டமில்லை, அம்மாவும் அதைக் கேட்கவில்லை. சின்னவன் வழக்கு இழுத்தடித்துத் தள்ளுபடியாகிப் போனது. அவன் மறுபடி பரீட்சை எழுதவேயில்லை. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனான். இரண்டு வருஷத்தில் கேட்ட ஒதுக்கீடு வந்தது. அதில் பெரியவனுக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. ஒதுக்கீட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் மகள் அதில்தான் படித்தாள். கோபம் எல்லாம் கிணற்று மேட்டின் மேல்தான்.

திருவிழா அன்றைய சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த அம்மா ஈரப் புடவையோடு அடுப்பைப் பற்ற வைத்தாள். குழம்பு கொதித்ததும் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சட்டியில் கொஞ்சம் எடுத்துத் தனியே வைத்தாள். சோற்றிலும் அப்படியே, பொரியலிலும் அப்படியே. அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு உப்பு மரவையை நோக்கிக் கையை நீட்டினார். அம்மா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது ரோசம் இருக்கறவங்க திங்கறது" என்றாள்.

சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று நம் ஊரில் ஒருத்தனைக் கேட்டால் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அப்பா தலையைக் குனிந்து தின்று முடித்து எழுந்து போனார். ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. சின்னவனிடம் ஒரு நாளும் சொல்லாதே, தகப்பன் தன்னை எடைபோட்டுத் தள்ளியது தெரிந்தால் அவன் உயிரோடு இருக்கமாட்டான் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். அதைக் காப்பாற்றினேன். அண்ணன் போன வருஷம் போய்விட்டான். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் அம்மா அப்பாவுக்குத் துணி துவைத்தாள், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நல்லது கெட்டதுக்குக் கூடவே போனாள். உப்பு மட்டும் போடவில்லை. கல்யாணப் பந்திகளில் அவர் எல்லாரையும் போலத் தின்றிருப்பார். கடைசிப் பத்து வருஷம் முட்டிவலியில் அதுவும் நின்றது. முட்டியைத் தவிர அவர் உடம்பில் ஒரு கோளாறு கிடையாது. அம்மாதான் பிரஷர் ஏறி ஒரு காலையில் வாசல் கூட்டும்போதே போய்விட்டாள்.

பெரியம்மா கருமாதிக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ஆற்றில் அவள் உப்பை வீசிவிட்டுக் கரையேறிப் போயிருக்கலாம், போகவில்லை. அது தெரிந்தபின் அவளை வெறுக்க எனக்கு வரவில்லை. எனக்கு அதுவும் ஒரு நஷ்டம்தான்.

காரியம் முடிந்ததும் அப்பாவைச் சின்னசேலத்துக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். முதல் நாள் சமைக்கும்போது கை தானாகத் தனிச் சட்டியை எடுத்தது. கொஞ்சம் யோசித்தேன். தண்டனை அம்மா கொடுத்தது, அவளோடு போகட்டும், எண்பதை நெருங்குகிற மனுஷன், ருசியாக நாலு கவளம் தின்னட்டும் என்று பட்டது. எல்லாருக்கும் போடுகிற அளவு உப்பை அவருக்கும் போட்டுப் பரிமாறினேன். பார்த்துக்கொண்டே நின்றேன். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன், ஏதாவது சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார்.

"இன்னாம்மா இது, கரிக்குது. ஒங்கம்மா கைப்பக்குவம் ஒனக்கு வர்லியே" என்றார்.

பொய் சொல்லவில்லை. முகத்தில் வஞ்சகம் இல்லை. முப்பது வருஷம் அவள் அவருக்குப் போட்ட தண்டனை அவர் நாக்கில் கைப்பக்குவமாகிவிட்டிருந்தது. கிணற்று மேடு, ஜீப், பெயிலானது, ஒன்றுமே அவருக்கு ஞாபகத்தில் இல்லை. பெண்டாட்டி நன்றாகச் சமைப்பாள் என்பது மட்டும் இருந்தது. அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவுக்காக அழவேண்டிய அழுகையை அப்போதுதான் அழுதேன்.

அண்ணன் பெங்களூரிலிருந்து போனில் பேசும்போதெல்லாம், "அவரு கேக்கற மாதிரியே செஞ்சு குடு பாப்பா, வயசானவரு" என்பான். சரி என்பேன். அப்பா நாலு வருஷம் இருந்தார். நாலு வருஷமும் மூன்று வேளையும் அவர் தட்டில் உப்புப் போட்டேன். ஒரு வேளைகூட மறக்கவில்லை.